வல்லை வெளியில் ஓர் இடாப்பு

பங்குனி மாதம், விடிய ஐந்தரை மணி. கரவெட்டி ஒழுங்கையில் நாய் குலைத்தால் கள்ளனோ என்று யாரும் எழும்புவதில்லை. "குருவி மாஸ்டர் வெளிக்கிட்டிட்டார்" என்று மறுபக்கம் திரும்பிப் படுப்பார்கள்.

சைக்கிள் காண்டிலில் பிட்டுப் பார்சல், கழுத்தில் பைனாகுலர், சேர்ட் பையில் கொப்பி. போர்க்காலத்தில் இந்தக் கோலத்தில் கடற்கரையில் நின்றிருந்தால் கதை வேறு. இப்போது வழியில் மறிப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாஸ்டர், காணி பாக்கிறியளோ?"

குருவி மாஸ்டர் என்பது ஓர் ஆளல்ல, ஓர் இனம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பென்சன் வந்த பிறகும் இடாப்புக் கூப்பிடும் பழக்கம் விடாது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் கொக்கையும் நாரையையும் கூப்பிடுகிறார்.

தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் ஆலாக்களுக்கு வரவு போட்டுவிட்டு வல்லைக்கு வருவார். வெளியில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகப் பிடித்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருக்கும். சோதனை மண்டபம் மாதிரி ஒரு சத்தமில்லை. மாஸ்டருக்குப் பரம திருப்தி. நூற்று எண்பத்தேழு வரை எண்ணியிருப்பார். பாலத்தில் 750ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடிக்கும். வகுப்பே எழும்பிப் பறக்கும். மறுபடியும் ஒன்று, இரண்டு.

சித்திரை பிறந்தால் வலசைக்காரர் புறப்பட்டுவிடுவார்கள். அதற்கு முன்னே வளைமூக்கு உள்ளான் சாம்பல் சட்டையைக் கழற்றிச் செங்கல் நிறத்துக்கு மாறும். சைபீரியாவின் வடகோடியில் அதற்குக் கலியாணம். சீருடை மாறியவர்களை மாஸ்டர் தனிப் பத்தியில் எழுதுவார்.

பெயர் மாற்றமும் உண்டு. கரையில் குடுகுடுவென ஓடும் சின்ன உப்புக்கொத்தியைப் பல வருடமாகக் 'கென்டிஷ்' என்றே பதிந்தவர் அவர். 1915இல் பிரித்துப் பெயரிடப்பட்டு, பிறகு கென்டிஷுடன் சேர்க்கப்பட்ட இந்தப் பறவையை ஆய்வாளர்கள் 2023இல் மீண்டும் தனி இனமாக்கினார்கள். இராமர் அணைப் பக்கத்துக் குருவி என்பதால் அனுமன் பெயரும் கிடைத்தது. மாஸ்டர் பழைய கொப்பிகளை எல்லாம் எடுத்து, சிவப்பு மையால் வெட்டித் திருத்தினார். கென்டில் இருக்கும் மகனுக்குப் போனில் சொன்னார்: "குருவி உங்கடை ஊர்ப் பேரை விட்டிட்டுது, தம்பி."

இறால் வலை வீசுகிறவருக்கும் பாடம் நடக்கும். 2022 ஒக்டோபரில் ஐந்து மாதக் குஞ்சான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு 11 நாட்கள் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 13,560 கிலோமீற்றர் பறந்தது என்பார். வலைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். "அப்ப, பதினொரு நாளும் ஒரு வாய் தின்னேல்லையோ? பாவம்."

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மாஸ்டருக்குப் பிட்டு ஞாபகம் வரும்.

காகத்தை மட்டும் அவர் பதிவதில்லை. "அது எந்த நாளும் வாற பிள்ளை. அதுக்கென்ன வரவு?"

வெயில் ஏற வீடு திரும்பினால், முற்றத்துச் சுளகில் காயவைத்த வேப்பம்பூ வடகத்தில் பாதியைக் காணவில்லை. மதிலில் நாலு காகம். படியில் மனைவி.

"இஞ்சாருங்கோ, அந்தக் கொப்பியை எடுங்கோ. நாலு பேர் வந்தவை எண்டு எழுதுங்கோ."

மாஸ்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.