சான்றிதழ் வரும்வரை காத்திருக்கணுமா?

கேள்வி: இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர், டாக்டர் சான்றிதழ் இல்லாமல் உதவி கேட்க முடியுமா?

பதில்: வாய் திறந்து கேட்க எந்தச் சான்றிதழும் வேண்டாம்! அரசின் உதவித்தொகைக்குத்தான் கட்டாயம். பாதிப்பு 12 மாதமாவது நீடிக்கும் என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். டிஸ்லெக்சியா என்றால் உளவியலாளரோ சிறப்பு ஆசிரியரோ தரும் அறிக்கை போதும். அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அப்பாவின் சம்பளத்தையும் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகத்தின் கடமையோ காகிதத்துக்கு முன்பே தொடங்குகிறது.

வாய்மொழித் தேர்வுக்குக் கடுமையாக அஞ்சிய பிரிஸ்டல் மாணவி ஒருவர் 2018இல் இறந்தார். அது தொடர்பான வழக்கில் 2024இல் உயர் நீதிமன்றம், மாணவரின் சொல்லும் செயலுமே சான்றாகலாம் என்றது. ஆகவே, அறிக்கை கைக்கு வருமுன்பே மாணவர் உதவிப் பிரிவில் பேசிவிடுவது நல்லது.