மூடு சரியில்லை

ஓசூர் சிப்காட்டில் ஒரு சூப்பர்வைசர். காலையில் தோளில் தட்டிப் பேசுவார். டீ குடித்துவிட்டு வந்தால் எரிந்து விழுவார். அதனால் லீவு கேட்க வருபவர்கள் முதலில் வாசலில் நின்று உள்ளேயிருந்து வருபவரிடம் விசாரிப்பார்கள். "மூடு சரியில்ல" என்று பதில் வந்தால் லீவு லெட்டர் மடிந்து சட்டைப்பைக்குத் திரும்பிவிடும். நேரத்துக்கு ஒரு புத்தி உள்ள இப்படிப்பட்டவருக்கு அங்கே 'மூடி டைப்' என்று பெயர். சாம்பார் வாளியின் மேலே இருப்பதும் மூடிதான்.

ஒருநாள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்குப் பையன் ஒருவன் துணிந்து உள்ளே போனான். "எத்தனை நாள் லீவு?" "மூடு சார்." யாருடைய மூடைப் பற்றிப் பேசுகிறான் என்று சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. பாவம், அவன் கேட்டது மூன்று நாள். தெலுங்கில் மூடு என்றால் மூன்று.

கன்னடம் இன்னொரு படி மேலே. அங்கே மூடுவது என்றால் உதிப்பது, தோன்றுவது. கிழக்குத் திசை 'மூடண'. சமண பசதிகளுக்குப் பெயர்பெற்ற மூடபித்ரியின் பெயருக்கே கிழக்கு மூங்கில் என்று பொருள் சொல்வார்கள். தமிழர் கதவைச் சாத்தும் சொல்லில் கன்னடர் பொழுதை விடியவைக்கிறார்.

ஆங்கில மூடின் பூர்வீகம்தான் இதில் பெரிய வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மனம், துணிவு என்று பொருள். 'மூடி'யின் மூதாதைச் சொல்லுக்கு வீரன் என்று அர்த்தம். ஜெர்மானியர் இன்றும் 'மூட்' என்று துணிச்சலைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் வீரம் கரைந்து சிடுசிடுப்பு மட்டும் மிஞ்சியது. சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது; வீரன் என்பதை மட்டும் பிடித்துக்கொள்வார்.

தமிழில் மூடு வருவதற்கு முன், நேரத்துக்கு ஒரு புத்தி என்ற இந்தக் குணத்துக்குச் சொல் இல்லாமல் இல்லை. சபலம், சஞ்சலம் இரண்டும் வடமொழி வரவு; அசைவதுதான் இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் சஞ்சலம் கவலையாகிவிட்டது. சபலம், சர்க்கரை நோயாளி ஜாங்கிரியைப் பார்க்கும் பார்வையாகிவிட்டது. காலியான இடத்தில் மூடு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓசூர் மட்டும் என்ன, ஒரு நிலையில் நின்றதா? சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தர்மபுரிக்குப் போனது. 2004இல் கிருஷ்ணகிரிக்கு வந்தது. ஊர் மலைமேல் கோயில்கொண்ட சிவனோ சந்திரசூடேஸ்வரர். தேய்ந்து வளரும் சந்திரனைத் தலையில் வைத்திருக்கிறார். அந்தச் சந்திரனைத்தான் ஜோசியர்கள் மனோகாரகன் என்கிறார்கள்.

இரவு ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வருகிறார்கள். கன்னடம் பேசும் அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் கிழக்கே பார்த்து, "சூர்ய மூடித" என்கிறார். பக்கத்திலிருந்த தமிழர், உள்ளே விட்டுவந்த டிபன் பாக்ஸை நினைத்துக்கொண்டு, கேட்டைத் திரும்பிப் பார்க்கிறார். திறந்துதான் இருக்கிறது.