இங்க் தீந்துச்சுன்னு எவன்டா சொன்னான்?

இன்னாடா தம்பி, காலையிலயே மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு வந்து நிக்கற? பிரிண்டரு சண்டித்தனம் பண்ணுதா? ரீஃபில் பண்ண கார்ட்ரிட்ஜ மாட்டினதும் 'கார்ட்ரிட்ஜ் கோளாறு'ன்னு காட்டிடுச்சா? அதுக்கு டிரைவர அழிச்சி, மறுபடி ஏத்தி, யூடியூப்புல ஊர்ப்பட்ட வீடியோ பாத்து, ராத்திரி முச்சூடும் முழிச்சிகினு இருந்தியாமே. உங்கம்மா சொன்னா. கார்ட்ரிட்ஜ வெளிய எடுத்து ஒருதபா திருப்பிப் பாத்தியா? இல்லியா? இன்ஜினியரிங் படிச்ச புள்ளடா நீ!

நம்ம அடி அண்ணாமலை, மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடின எடம்னு பெரியவங்க சொல்வாங்க. அந்தக் காலத்து ஓலை, "எங்க கம்பெனி எழுத்தாணி இருந்தாத்தான் எழுத வுடுவேன்"னு எந்தப் புலவரையாவது தொரத்துச்சா? இந்தப் பிளாஸ்டிக் பொட்டிக்குத்தான் அவ்ளோ ராங்கி.

இங்க் தீந்துச்சுன்னு அது சொல்லுதே, உள்ள எட்டிப் பாத்தா சொல்லுது? இத்தினி சொட்டு வுட்டோம், இத்தினி பக்கம் அடிச்சோம்னு கணக்குப் போட்டுச் சொல்லுது. அரிசிப் பானைய தொறக்காமயே, எத்தினி படி எடுத்தோம்னு வெரல மடக்கி எண்ணி, 'அரிசி காலி அத்தே'ன்னு சொல்ற மருமவ மாதிரி. நீ மூட்டையக் கொண்டாந்து கொட்டினாலும் அவ கணக்குல பானை காலிதான். அவகிட்ட சண்டைக்கா போவ? சரிம்மான்னுட்டு ஒலைய வை. 'ஓகே'ய அமுக்கு, அடி. கேனான் சின்ன பிரிண்டருங்க பலதுல இ13, இ16-ன்னு காட்டும். ஸ்டாப் பட்டன 5 செகண்டுக்கு மேல அமுக்கிப் புடிச்சா, இங்க் கணக்குப் பாக்கறதையே அது வுட்டுடும். அப்பால இருக்கா இல்லியான்னு நீதான் பாத்துக்கணும். கண்ணு எதுக்கு இருக்கு?

ஆனா 'கார்ட்ரிட்ஜையே தெரியல'ன்னு சொன்னா சேதி வேற. அங்க முக்காவாசி தப்பு உன் கட்டவெரல்லதான். கார்ட்ரிட்ஜ் முதுவுல செம்பு நெறத்துல புள்ளிப் புள்ளியா இருக்குது பாரு. மிக்சர் தின்ன கையோட அத்தப் புடிச்சா? ஊசி போடறப்ப வழிஞ்ச மையும் அதுல காஞ்சி கெடக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல, நூல் பிரியாத துணிய லேசா நனைச்சித் தொட. பிரிண்டருக்குள்ள அதும் எதிர்ல இருக்கற புள்ளிங்களையும் தொட. காய வுட்டு மாட்டு. இதுக்கு எந்த வீடியோ வேணும்?

இன்னொருத்தன் வந்தான் போன வாரம். பத்துப் பக்கம் பளிச்சினு வருதாம், பதினொண்ணாவது வெளுத்துப் போவுதாம். கொஞ்ச நேரம் சும்மா வச்சா மறுபடி வருதாம். மெயின் போர்டு போச்சின்னு எவனோ சொல்லி, இவனும் நம்பிட்டான். வாங்கிப் பாத்தன். ஊசி போட்ட ஓட்டைய, காத்து போற தொளையோட சேத்து, செலோடேப்பால ஜம்முனு ஒட்டி வச்சிருக்கான். மை கீழ எறங்கணும்னா மேலருந்து காத்து உள்ள வரணுமே! டேப்ப உரிச்சன். மெயின் போர்டு சரியாப் போச்சி.

ரொப்பறதுலயும் அவசரம். உள்ள இருக்கறது பஞ்சு. அது குடிக்கற வேகத்துக்குத்தான் ஊசியத் தள்ளணும். ரொப்பினதும் டிஷ்யூ காயிதத்துல அடிய ஒத்து. கலர்னா மூணு கோடு தெரியணும். ரெண்டுதான் வந்தா ஒண்ணு அடைச்சிகினு இருக்குது. சித்திரை வெயில்ல நம்மூருல காஞ்சி போவாம இருக்குமா? வெதவெதப்பான தண்ணியில நனைச்ச டிஷ்யூ மேல ரெண்டு நிமிஷம் நிக்க வை, எளகிடும். அத்த வுட்டுட்டு, ஹெட் கிளீனிங்க பத்துதபா ஓட்டறியே, அது உறிஞ்சற மையெல்லாம் எங்க போவுது? பொட்டிக்கு அடியில இருக்கற கழிவுப் பஞ்சுக்கு. அது ரொம்பினா தனியா ஒரு எர்ரரு காட்டும். அதுக்கும் நைட்டு முழிப்ப.

ஒண்ணுல மட்டும் வெளையாடாத. இந்த அச்சடிக்கற தலையோட (ஹெட்டு) சேந்து வர்ற கார்ட்ரிட்ஜ்ல, மயிர விடச் சின்ன ஓட்டைக்குப் பின்னால ஒரு சூட்டுக் கம்பி. அது சுள்ளுனு சுட்டு, மைய கொப்புளமாக்கித் தள்ளுது. அதும் சூட்டத் தணிக்கறதும் அந்த மைதான். வெளுத்துப் போச்சே, இன்னும் நாலு பக்கம் வரட்டுமேன்னு வறட்டு ஓட்டம் ஓட்டினா தலை கருகிடும். அப்பால நீ அசல் மையே ஊத்தினாலும் ஆவாது. எழுத்து மங்கும்போதே நிறுத்து.

கம்பெனிக்காரனத் திட்டாதன்னு சொல்லல. திட்டு. 2016 செப்டம்பர்ல ஒருநா, ஹெச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டருங்க பலது வேத்தாள் கார்ட்ரிட்ஜ திடீர்னு ஏத்துக்காம நின்னுச்சுங்க. கஸ்டமருங்க கத்தினதுல மன்னிப்புக் கேட்டாங்க. இந்தக் கட்டுப்பாட்ட வாங்கறவங்களுக்கு ஒழுங்கா சொல்லலன்னு இத்தாலிக்காரன் 2020-ல 1 கோடி யூரோ அபராதம் தீட்டிட்டான். அதே கம்பெனியே, அவங்க அசல் சில்லு இருக்கற கார்ட்ரிட்ஜ ரொப்பி மாட்டினா தடுக்க மாட்டோம்னும் சொல்லுது. அதனால பழைய கார்ட்ரிட்ஜ குப்பையில போடாத.

இத்த விட தமாஷ் ஒண்ணு கேளு. 2022-ல சில்லுக்குப் பஞ்சம் வந்துச்சி. கேனான் கம்பெனி ஆபீஸ் மெஷினுக்கான அசல் டோனரயே சில்லு இல்லாம அனுப்புச்சி. மெஷினு அதையும் திருடன்னு புடிச்சிகிச்சி! பெத்த புள்ளைய வூட்டு நாயே கடிச்ச கதை. 'அந்த எச்சரிக்கைய கண்டுக்காத, அமுக்கிட்டு அடி'ன்னு கம்பெனியே வழி சொல்லிக் குடுத்துச்சி. நான் இன்னா சொன்னன் உனக்கு?

இந்தோனேஷியாவுல ஜனங்க பிரிண்டர் பக்கத்துல மை டேங்க் வச்சி, டியூப் இழுத்து ஓட்டிகினு இருந்தாங்க. எப்சன் கம்பெனி பாத்துச்சி. 2010-ல அதே ஊருல, டேங்க் வச்ச பிரிண்டர தானே வித்துச்சி. நாம டியூப் வுட்டா கோளாறு, அவன் வுட்டா புது மாடலு.

சரி, எழுந்து போ. பௌர்ணமிக்கு அன்னதான நோட்டீசு அடிக்கணும்னு சொன்னியே, கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டுல வண்டிய வுடாம அடைக்கறதுக்குள்ள டவுனுக்குப் போயி மை வாங்கியா. மாடலு பேர எழுதி எடுத்தும் போ, கறுப்பு மைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காத. போறப்ப சட்டைய மாத்திக்க. அந்த நீலம் தொவச்சாலும் போவாது. அதுல மட்டும் அசலு, நகலுன்னு எந்த வித்தியாசமும் கெடையாது.