யானை சுட்டவருக்குத் தேவாலயம்

பதுளைக்கு வருகிறவர்கள் பரிசுத்த மாற்கு தேவாலயத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவுக்குக் கட்டியது. அவர் இந்த மண்ணுக்கு ஆற்றிய அருந்தொண்டு, 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுத் தள்ளியது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். மனிதரைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம் பாருங்கள்: முழுப்பெயர், பதவி, கொன்ற கணக்கு, செத்த ஊர், செத்த ஆண்டு, செத்த காரணம். அதே காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வாந்திபேதியில் வழியோரம் விழுந்த கோப்பிக் காலத்துக் கூலிகளில் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். யானைக்காவது கணக்கு இருக்கிறது.

அடுத்து தெமோதர ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் முடிந்தது, இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பிய அதிசயம். வழிகாட்டி பொறியியலாளரின் பெயர் சொல்வார், ஒப்பந்தம் எடுத்த அப்புஹாமியின் கதையும் சொல்வார். கல் சுமந்தது யார் என்று கேட்டால் அவருக்குச் சட்டென்று ரயில் வருகிற நேரமாகிவிடும். அப்புத்தளைக்கு மேலே டம்பதென்னையில் லிப்டன் ஆசனம். 1890இல் வந்து தோட்டம் வாங்கிய கிளாஸ்கோ மளிகைக்காரர் தோமஸ் லிப்டன் அங்கே உட்கார்ந்துதான் தன் மலைகளைப் பார்ப்பாராம். இன்னும் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்; பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். சரிவில் கூடை மாட்டி நிற்கிற அக்கா படத்துக்குப் பின்னணி. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அவர் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தி, 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. லிப்டன் மட்டும் எழும்பவே இல்லை.

ஊவாவில் வீர வரலாறும் உண்டு. வெள்ளைக்காரனுக்கு எதிரான 1817-18 கிளர்ச்சியில் சேர்ந்த கெப்பிட்டிபொல உள்ளிட்ட 19 பேரைத் துரோகிகள் என்று ஆளுநர் பிரவுன்ரிக் அறிவித்தான். வெல்லஸ்ஸவில் வீட்டையும் வயலையும் எரித்தான். 2016 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த அறிவித்தலை ரத்துச் செய்தார்; 19 பேரும் தேசிய வீரரானார்கள். நல்ல காரியம், இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆனால் அது தலைவர்களின் பட்டியல். எரிந்த வயலுக்குச் சொந்தக்காரனான சிங்களக் குடியானவன் அதிலும் இல்லை. அவன் பெயரை வெள்ளைக்காரனும் எழுதவில்லை, நம்மவரும் தேடவில்லை.

அவன் பேரப்பிள்ளைகளுக்கு வேறொரு கதை சொல்லி வளர்த்தார்கள். 1840இல் காட்டையும் பொதுநிலத்தையும் அரசுடைமை என்று சட்டம் போட்டுத் துரைமாருக்கு விற்றது வெள்ளை அரசு. பறித்தவன் காசோடு கப்பலேறிப் போனான். அந்தக் காணியில் கான் வெட்டி, கவ்வாத்து வெட்டி, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிள்ளை பெற்றவன்தான் காணி பிடித்த அந்நியனாம். இத்தனை பெரிய காணியைப் பிடித்தவன் செத்தால் புதைக்க ஆறடிக்குத் துரையிடம் கேட்டு நிற்பானேன் என்று எந்த வரலாற்றாசிரியருக்கும் தோன்றவில்லை.

இனி ஒரு கேள்வி. பதுளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை யாரையாவது நிறுத்தி, ‘1940இல் வேவெஸ்ஸவில் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். வேவெஸ்ஸ தோட்டம் தொலைவில் இல்லை, பதுளைக்குப் பக்கத்தில்தான். அந்த ஆண்டு ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. சமசமாஜக் கட்சியாரின் தொழிற்சங்கம் முன்னின்றது. வேவெஸ்ஸவில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் தலைகுனிந்து நிற்க வேண்டியவர்களின் சபை! அதோடு கலந்து பேசியே நிர்வாகம் நடத்தத் துரை ஒப்புக்கொண்டார். சட்டம் ஒழுங்கை நிலைநாட்டத் துப்பாக்கியோடு வந்த பொலிஸ் படையின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். வெள்ளை ஏகாதிபத்தியம் ஹிட்லரோடு மோதிக்கொண்டிருந்த நேரத்தில், அதன் பொலிஸை ஊவாவில் கொழுந்துக் கூடைக்காரர்கள் வெறுங்கையாக்கினார்கள். பிறகு வந்த பொலிஸ் கெடுபிடியும், மழை வெள்ளம் ஊவாவைத் துண்டித்ததும் அந்த எழுச்சியை அடக்கின.

சுதந்திரப் போராட்டம் என்றால் வேறென்ன? அந்தப் பெயர் கிடைக்கவோ கோட்டுப் போட்டு, தேநீர் அருந்தி, ஆங்கிலத்தில் மனு எழுதியிருக்க வேண்டும். தேநீரைக் குடித்தவர் தேசபிதா, பறித்தவர் கூலி.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே, தகப்பன் இங்கே பிறந்ததற்குக் கடதாசி காட்டு என்றது பிரஜாவுரிமைச் சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குக் கடதாசி யார் எழுதி வைத்தார்கள்? 1949இல் வாக்கும் போனது. இதைச் சிங்களத் தலைவர்களின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நமது தமிழ்த் தேசிய வரலாறு கை கழுவிக்கொள்கிறது. பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ.ஜீ. பொன்னம்பலம், சில வாரங்களில் அதே அரசில் அமைச்சரானார். மலையகத்தான் மேடையில் மட்டும் தொப்புள்கொடி உறவு.

வேவெஸ்ஸவில் முன்னின்ற சிவப்புச் சட்டைக்காரர்களோ? 1948இல் எதிர்த்தார்கள், மறுக்கவில்லை. 1964 ஜூனில் சிறிமாவோ அரசில் சேர்ந்தார்கள்; என்.எம். பெரேரா நிதியமைச்சர். ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000ஐப் பிறகு பார்க்கலாம். பிறகு பார்த்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்துப் பிரிப்பான். இந்தப் பங்கீட்டில் அண்ணன் தலைமன்னார்க் கப்பலுக்கு, தம்பி கொழுந்து மலைக்கு. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராஜதந்திர வெற்றி என்று இரண்டு நாட்டிலும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாக, ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் கொஸ்லாந்தை, மீரியபெத்த தோட்டம். மலை இறங்கும், ஆட்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. அகற்றி எங்கே வைப்பது? தலைமுறை தலைமுறையாக மலையைத் தோட்டமாக்கியவனுக்கு ஒரு துண்டுக் காணி சொந்தமில்லை. எத்தனை பேர்ச் என்று கொழும்பு ஏலம் பேசிக்கொண்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கிவிட்டது. லயங்கள் மண்ணுக்குள் போயின. முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைத்தார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று கொழுந்தைக் கிராம் பிசகாமல் நிறுக்கிற தோட்டத்தில், லயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் மட்டும் கணக்குத் தடுமாறியது.

1818இல் எழுதிய பட்டியலைத் திருத்த இந்த நாட்டுக்கு 198 ஆண்டுகள் பிடித்தன. அதுவும் பிரதானிகளுக்கு, சிங்களவர்களுக்கு. அதே வேகம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மீரியபெத்தக் கோப்பு ஜனாதிபதியின் மேசைக்கு வர 2212 ஆகும். கொழுந்து மட்டும் நாளைக் காலை வேண்டும், குறையாமல்.