மோதிய பின் முதல் வேலை

கேள்வி: கார் மோதி ஒருவர் காயமடைந்தால், ஓட்டுநர் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில்: பிரேக்கை மிதிக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை அல்ல! தவறு யாருடையது என்ற வழக்கு பிறகு. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில், காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்யும் பொறுப்பை ஓட்டுநர் தலையில்தான் வைக்கிறது. உயிர் ஊசலாடும் அந்த நிமிடங்களில் இதைவிடப் பெரிய கடமை கிடையாது. கூட்டம் ஆத்திரத்தில் பாய்ந்தாலோ, நிலைமை கைமீறினாலோ விலக்கு உண்டு. அப்போதும், உதவ முடியாமல் போன காரணத்தைக் காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும். சம்பவ இடத்தில் போலீஸார் இல்லையென்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் விரைவாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.