டிவிக்குப் புத்தி வந்த கதை

டிவிக்குப் புத்தி வரவழைக்க இரண்டு வழிகள். புது ஸ்மார்ட் டிவி வாங்கலாம். இல்லையென்றால் பழைய டிவியின் முதுகில் ஒரு குச்சியைச் செருகலாம். ஹவுசிங் லோன் கட்டும் மறைமலை நகர்வாசிக்கு இரண்டாவதுதான் விதித்திருக்கிறது.

விரல் நீளக் குச்சிதான். உள்ளே பிராசசர், மெமரி, வைஃபை என்று ஒரு முழுக் கம்ப்யூட்டரே குடியிருக்கிறது. 2013-ல் கூகுள் 35 டாலருக்குக் குரோம்காஸ்ட்டை இறக்கியது. 2017-ல் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 3,999 ரூபாய்க்கு இந்தியா வந்தது. 2021 பிப்ரவரியில், அதைச் சென்னையிலேயே ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனம் மூலம் தயாரிக்கப்போவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எங்கள் ஊர் ஃபோர்டு ஆலையை மூடும் அறிவிப்பு. "காரை எடுத்துக்கிட்டுக் குச்சியைக் குடுத்துட்டானுங்க" என்று அப்பா கணக்கை முடித்தார்.

செருகுவது சுலபம் என்பார்கள். கார்பென்டர் அடித்த ஷோகேஸுக்குள் டிவி வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கன்னத்தைப் பலகையில் ஒட்டி, செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எச்டிஎம்ஐ ஓட்டையைத் தடவிப் பிடிக்க வேண்டும். அடுத்தது கரண்ட். டிவியின் யூஎஸ்பி பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். குச்சி ஒரு ஆம்பியர் கேட்கும். அடாப்டர் மாட்டலாமென்றால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செட்டாப் பாக்ஸ், மோடம், சாமி படத்துச் சீரியல் லைட், கொசு மெஷின் எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. சாமியைக் கழற்ற அம்மா விடவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் கொசுக்கடியோடுதான் ஓடிடி.

இனி எதைப் பார்ப்பது? அப்பா வேண்டுமென்பது அம்மாவுக்கு ஆகாது. அம்மா நிறுத்தச் சொல்லும் படத்தைத் தங்கை தாண்டிப் போவாள். போஸ்டர் போஸ்டராக நகர்த்தியே தோசை தீர்ந்துவிடும். கடைசியில் அப்பா பொறுமையிழந்து கேபிளுக்கு மாற்றுவார். அங்கே பாதியில் ஓடும் பழைய படத்தை, விளம்பரம் உட்பட, வாய் திறவாமல் எல்லோரும் பார்ப்போம்.

பாட்டி அறையில் இருப்பது, 2006-ல் கலைஞர் அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த 14 அங்குல இலவசக் கலர் டிவி. எச்டிஎம்ஐ இல்லை, கன்வெர்ட்டர் வைத்துச் சமாளிக்கலாம். "உனக்கும் ஒண்ணு மாட்டட்டுமா பாட்டி?" என்றேன்.

"என்ன பாக்கணும்னு நம்மளையே கேக்குதாமே? அதுகூடத் தெரியாததுக்கு எதுக்குடா கரண்ட் செலவு?"