கால் விரலுக்கா மாசக் கட்டணம்?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் யோகா வகுப்புக்கு நடந்து வருபவர்கள் அரிது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து காரில் வந்து, ஏசியில் விறைத்த முதுகோடு இறங்கி, "மாஸ்டர், இன்னைக்குச் சிரசாசனம்தானே?" என்பார்கள். மாஸ்டர் கால் விரலை மடக்கி நீட்டச் சொல்வார். முகங்கள் வாடும். இதற்கா மாசக் கட்டணம்?

பீகார் யோகா பள்ளியின் பவனமுக்தாசன வரிசை கால் விரலில் தொடங்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, கை, தோள் வழியாகக் கழுத்தில் முடிகிறது. ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா நெறிமுறையோ கழுத்திலிருந்து முழங்காலுக்கு இறங்குகிறது. ஏறினாலும் இறங்கினாலும், எடுத்த எடுப்பில் தலைகீழாக நில்லுங்கள் என்று இருவருமே சொல்லவில்லை. கழுத்து வலிக்காரர்கள் தலையைப் பின்னால் சாய்க்கும்போது மெதுவாகச் செய்யும்படி அமைச்சகமே எச்சரிக்கிறது. யோகா தினமான ஜூன் 21 அன்று மட்டும் எல்லோரும் அதை அப்படியே கேட்பார்கள். மேடையில் கலெக்டர் இருப்பாரே!

வேடிக்கை என்னவென்றால், மூட்டு அசைவுகளின்போது கடிகாரம் பார்ப்பவர்கள்தான் மறுநாள் தொடைப் பின்தசையைப் பிடித்துக்கொண்டு, "யோகா நமக்கு ஒத்துக்கலைங்க" என்று சொல்வார்கள். சூடேறாத தசையை வெடுக்கென்று இழுத்தால் அது சுளுக்கத்தான் செய்யும்.

பத்து நிமிஷம் தாமதமாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: வகுப்பு எந்த ஆசனத்தில் இருந்தாலும் சரி, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து கால் விரலிலிருந்தே தொடங்குங்கள்.